புற்றின் ஓரம்: இல்லாமையை அறிவது எப்படி?

புற்றுக் கட்டியை அறுத்தெடுக்கும்போது கட்டி மட்டும் எடுக்கப்படுவதில்லை. அதைச் சுற்றி நலமாகத் தோன்றும் சதையிலும் ஒரு வளையம் சேர்த்தே எடுக்கப்படுகிறது. மருத்துவமனைகளில் இதற்கு ‘மார்ஜின்’ என்று பெயர். தமிழில் ஓரம் எனலாம். வாய்ப்புற்றில், நுண்ணோக்கியில் கடைசியாகத் தென்படும் புற்றணுவுக்கும் வெட்டுவாய்க்கும் இடையே 5 மில்லிமீட்டர் இருந்தால் ஓரம் தூயது. 1 முதல் 5 வரை என்றால் நெருங்கியது. 1 மில்லிமீட்டருக்கும் குறைவு என்றால் நோய் ஓரத்தைத் தொட்டுவிட்டது. இது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. வெட்டிய சதை உடனே சுருங்கத் தொடங்கும். ஆகவே நுண்ணோக்கியின் கீழ் 5 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் வாய்க்குள் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டியிருக்கிறது. நாக்கில் 1 சென்டிமீட்டர் என்பது சிறிய அளவில்லை. ‘ழ’வும் ‘ற’வும் நாக்கின் நுனியிலும் விளிம்பிலும்தான் உருவாகின்றன. சோற்றைப் புரட்டி உள்ளே தள்ளுவதும் அதே சதைதான்.

அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே இந்த ஓரத்தை ஒளியால் காட்டும் முறைகள் கடந்த இருபது ஆண்டுகளில் அறுவை அறைக்குள் வந்துள்ளன. சாயம் ஏற்றிப் புற்றை ஒளிரச் செய்வது ஒரு வழி. சாயமே இல்லாமல் திசு தரும் ஒளியைப் படிப்பது இன்னொரு வழி. இரண்டும் ஒரு தத்துவக் கேள்வியைக் கத்திமுனைக்குக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. ‘ஓரம் தூயது’ என்பது அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லும் கூற்றன்று. அங்கே ஒன்று இல்லை என்று சொல்லும் கூற்று. இல்லாததை எப்படி அறிய முடியும்? இந்திய அளவை நூல்கள் இந்தக் கேள்வியைப் பல நூற்றாண்டுகள் விவாதித்தன. காவிரிப் படுகையில் திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்களில் இன்றும் பாடமாக ஓதப்படும் சைவ சித்தாந்த சாத்திரங்களிலும் அந்த விவாதம் இருக்கிறது.

கேள்வி இந்தப் படுகைக்கு அந்நியமானதும் அன்று. தஞ்சை, கும்பகோணம் வட்டாரத்தில் கொழுந்து வெற்றிலையும் சீவலும் இல்லாத விருந்து விருந்தாகாது. அதோடு புகையிலை சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் நடவு வயலிலும் கடைத்தெருவிலும் நெடுங்காலமாக உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட மதிப்பீட்டில், புகையிலை சேராத பாக்கையும்கூட மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்தது. இந்திய ஆண்களிடையே முன்வரிசையில் நிற்கும் புற்று வாய்ப்புற்று. அது பெரும்பாலும் தொடங்கும் இடம், வெற்றிலைச் சாறு தங்கும் கன்னத்தின் உட்புறமும் ஈறும் சேரும் பள்ளம்.

ஒளிக் கருவிகள் வருமுன்பும் இன்றும் ஓரத்தைத் தீர்ப்பவர் நோய்க்கூறியல் மருத்துவர். அறுத்தெடுத்த சதையின் வெட்டுப்புறம் முழுக்க அவர் மை தடவுகிறார். பிறகு சதையைத் துண்டுகளாக்கி, மெழுகில் பதித்து, மயிரிழையைவிட மெல்லிய சீவல்களாகச் சீவி, நிறமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார். மை பட்ட விளிம்பில் புற்றணு தொடுகிறதா, தொடாவிட்டால் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது என்பதே விடை. இதற்குச் சில நாள்கள் ஆகும். அறுவை மேசையிலேயே விடை வேண்டுமென்றால் திசுவை உறையவைத்துச் சீவும் ‘ஃப்ரோசன் செக்‌ஷன்’ முறை உண்டு. அரை மணி நேரத்துக்குள் முடியும். இரண்டிலும் பார்க்கப்படுவது வெட்டுப்புறத்தின் மிகச் சிறிய பங்கு. சீவலுக்கும் சீவலுக்கும் இடையில் கிடக்கும் சதை கண்ணில் படுவதே இல்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செயல்படும் நம்பிக்கை. வடமொழித் தருக்கமும் இதே சோற்றுப் பானையை வைத்து ஒரு நியாயம் சொல்கிறது. ஆனால் இந்தப் பழமொழி எப்போது செல்லும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே தீ, கொதியில் ஓயாமல் புரளும் பருக்கைகள்: இந்த நிலைகள் இருப்பதால்தான் ஒரு பருக்கை மற்ற எல்லாவற்றுக்கும் சான்றாகிறது. விதை நெல் வயலில் கலவன், அதாவது ஊடே முளைத்த வேற்று வகைப் பயிர், எடுப்பவர் ஒரு கதிரைப் பார்த்துவிட்டு வயல் சுத்தம் என்று கரையேறுவதில்லை. வரிசை வரிசையாக நடக்கிறார். கலவன் எங்கே நிற்கும் என்பதற்கு விதி கிடையாது. குதிரைவாலிப் புல் அதைவிட மோசம். கதிர் தள்ளும்வரை நெற்பயிரைப் போலவே நின்றுகொண்டிருக்கும். புற்றின் ஓரம் சோற்றுப் பானையைப் போன்றதா, கலவன் நிற்கும் வயலைப் போன்றதா? வாய்ப்புற்று பல நேரம் விரல் விட்டதுபோல் சதைக்குள் நீளும். சிறு நரம்புகளை ஒட்டிக்கொண்டு ஊர்வதும் உண்டு. ஆகவே அது வயல்தான். ஒளி முறைகளின் தேவை இங்கே பிறக்கிறது: சில கதிர்களைப் பிடுங்கிப் பார்க்காமல் வயல் முழுவதையும் ஒரே பார்வையில் காண வேண்டும்.

அந்த முயற்சி பழையது. 1940களின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜார்ஜ் மூர் என்ற அறுவை மருத்துவர் ஃப்ளோரசீன் சாயத்தை நோயாளியின் நாளத்தில் செலுத்தி, மூளைக் கட்டி மஞ்சள்பச்சையாக ஒளிர்வதைக் காட்டினார். முறை நிலைபெற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஜெர்மனியில் வால்டர் ஸ்டம்மர் குழுவினர் 5-அமினோலெவுலினிக் அமிலத்தைப் பயன்படுத்தினர். இது குருதியின் செந்நிறப் பொருளான ஹீம் உருவாகும் வழியில் உடலே செய்துகொள்ளும் ஒரு பொருள். அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு நோயாளி இதைக் கரைசலாகக் குடிக்கிறார். வீரிய மூளைப் புற்றின் செல்களில் இது புரோட்டோபார்ஃபிரின் என்ற இடைப்பொருளாக மாறித் தேங்குகிறது. நீல ஊதா ஒளி பாய்ச்சினால் அந்த இடைப்பொருள் சிவப்பாக ஒளிர்கிறது. 2006இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், ஸ்கேன் படத்தில் தெரியும் கட்டி முழுவதும் நீங்கியவர்கள் நீல ஒளிக் குழுவில் 65 விழுக்காடு, வழக்கமான வெள்ளை ஒளிக் குழுவில் 36 விழுக்காடு. ஆறு மாதம்வரை நோய் முற்றாமல் இருந்தவர்கள் முறையே 41, 21 விழுக்காடு.

பின்பு வந்தவற்றில் ஃபோலேட் ஏற்பியைத் தேடிச் சென்று ஒட்டும் பஃபோலாசியனின் சாயத்தை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2021இல் சினைப்பைப் புற்றுக்கும், 2022இல் நுரையீரல் புற்றுக்கும் அனுமதித்தது. மார்பகக் கட்டியை அகற்றிய குழியை உள்ளிருந்தே சோதிக்கும் பெகுலிசியனின் சாயம் 2024இல் வந்தது. இவற்றின் ஒளி பெரும்பாலும் அண்மை அகச்சிவப்பில் இருக்கிறது. மனிதக் கண்ணுக்குத் தெரியாது. கேமரா அதைப் பிடிக்க, கணினி ஒரு நிறத்தைத் தேர்ந்து திரையில் பூசுகிறது.

அங்கேயே முதல் தத்துவச் சிக்கல் தலைகாட்டுகிறது. திரையில் ஒளிரும் திட்டைப் பார்ப்பது புற்றைப் பார்ப்பதாகுமா? 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் அளவைகளைப் பேசித்தான் தொடங்குகிறது. அறியும் வழிகள் பத்து என்று பிறர் எண்ணியதைச் சொல்லி, அவை அனைத்தும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று அது முடிவு செய்கிறது. மலையில் புகை கண்டு நெருப்பு உண்டென்று அறிவது கருதல்; அங்கே புகை ஏது, அதாவது கருதலுக்கு அடையாளம். நீல ஒளியில் தெரியும் சிவப்பும் புகைதான். ஒளிர்வது புற்றன்று, புரோட்டோபார்ஃபிரின். அது தேங்கியிருப்பதால் செல்லின் வேதிவினை பிறழ்ந்திருக்கிறது என்றும், பிறழ்ந்திருப்பதால் புற்று என்றும் கருதல் இரண்டு படி ஏறுகிறது. அழற்சி கண்ட திசுவும் சில நேரம் இப்படி ஒளிரும். அகச்சிவப்புச் சாயத்தில் கேமராவும் கணினியும் சேர்வதால் படிகள் இன்னும் கூடுகின்றன. ஆனால் மேசையருகே நிற்பவருக்கு அது கருதலாகத் தோன்றுவதே இல்லை. கண் எதிரே கண்டதாகவே தோன்றுகிறது. கருதல் காட்சியின் உடையணிந்து வருவதுதான் இந்தக் கருவிகளின் ஆற்றல். அவற்றிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய காரணமும் அதுவே.

சாயம் சேர்க்காத முறைகளில் ஒன்றின் வேர் இந்த மண்ணைத் தொட்டிருக்கிறது. சி. வி. ராமன் 1888இல் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருவானைக்காவலில் பிறந்தார்; அவர் முன்னோர் தஞ்சைப் பகுதியில் உழுதுண்டு வாழ்ந்த குடும்பத்தவர். 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில், கே. எஸ். கிருஷ்ணனோடு நடத்திய ஆய்வின் முடிவில், ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியின் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருவதை அவர் உறுதிசெய்தார். கோடியில் ஒரு ஒளித்துகள் அளவே அப்படி மாறும். எவ்வளவு மாறுகிறது என்பது அந்தப் பொருளின் மூலக்கூறுகள் அதிரும் விதத்தைப் பொறுத்தது. ஆகவே மாறிய ஒளியைப் பிரித்துப் படித்தால், சதையைத் தொடாமலே அதில் கொழுப்பு எவ்வளவு, புரதம் எவ்வளவு, நீர் எவ்வளவு என்று சொல்ல முடியும். நவி மும்பையில் டாடா நினைவு மையத்தின் ஆய்வுக்கூடமான ஆக்ட்ரெக்கில் சி. முரளி கிருஷ்ணா குழுவினர் இந்த ராமன் சிதறலை வாய்ப்புற்று நோயாளிகளிடம் நெடுங்காலம் ஆராய்ந்தனர். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் மருத்துவ இயற்பியல் துறை திசுக்களின் இயல்பொளிர்வைப் படித்தது. திருவனந்தபுரத்தில் உருவான ஓரல்ஸ்கேன் என்ற கைக்கருவி 2020இல் வெளிவந்தது. பயாப்சிக்குச் சதை எடுக்க வேண்டிய இடத்தைத் தேர்வதே அதன் வேலை.

ராமன் சிதறல் ஓரத்தைப் பற்றிச் சொன்ன செய்திகளில் மிக முக்கியமானது நெதர்லாந்தின் ராட்டர்டாமில் கிடைத்தது. அங்கே எராஸ்மஸ் மருத்துவ மையத்தின் ஆய்வாளர்கள், நாக்குப் புற்றின் உள்ளிருந்து நலமான சதையை நோக்கி அடியடியாக நீரின் அளவைக் கணக்கிட்டனர். 2016இல் வெளியான அந்த ஆய்வின்படி கட்டிக்குள் நீர் சராசரி 76 விழுக்காடு. சுற்றியுள்ள நலமான சதையில் சராசரி 54 விழுக்காடு. இந்த இறக்கம் ஒரே இடத்தில் நிகழவில்லை. ஓரத்தின் இருபுறமுமாக 4 முதல் 6 மில்லிமீட்டர் தொலைவில் படிப்படியாக நிகழ்ந்தது.

கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாறுப் பக்கம் போய் ஆறு எங்கே முடிகிறது என்று கேட்டால் யாரும் ஒரு கோட்டைக் காட்டமாட்டார்கள். ஏற்றத்தில் உப்பு நீர் உள்ளே வரும், இறக்கத்தில் வெளியே போகும். ஆற்றில் வெள்ளம் வந்தால் எல்லாமே மாறும். நீரை வாயில் வைத்துப் பார்ப்பவர் இங்கே உப்பு, இங்கே இல்லை என்று இரு முனைகளையும் உறுதியாகச் சொல்வார். நடுவில் ஒரு நீளம் கிடக்கிறது. அதைக் கழிமுகம் என்கிறோம். புற்றின் ஓரமும் இயற்கையில் ஒரு கழிமுகம். கிரேக்கத்தின் யூபுலிடீஸ் பெயரால் வழங்கும் குவியல் புதிரும் இதைத்தான் கேட்கிறது. களத்துமேட்டில் தூற்றி முடித்துக் குவித்த பொலியிலிருந்து ஒரு நெல்லை எடுத்தால் அது பொலியாகவே இருக்கும். இன்னொன்றை எடுத்தாலும் அப்படியே. எந்த நெல்லை எடுத்ததும் அது பொலி அல்லாமல் போனது?

புதிர் இன்னும் ஆழமாகவும் போகிறது. 1953இல் ஸ்லாட்டரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் வாய்ப்புற்றைச் சுற்றி நலமாகத் தெரியும் சவ்வும் ஏற்கெனவே மாறத் தொடங்கியிருப்பதைக் கண்டனர். புகையும் புகையிலையும் பட்ட பரப்பு முழுவதும் ஒரு வயலாகப் பக்குவப்பட்டிருக்கிறது. கட்டி அந்த வயலில் முதலில் முளைத்த இடம் மட்டுமே. ஆக்ட்ரெக் குழுவினர் புற்று வந்த நோயாளியின் எதிர்க் கன்னத்தையே ராமன் சிதறலால் படித்தனர். கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாத அந்தக் கன்னத்தின் நிறமாலை, புகையிலைப் பழக்கம் இல்லாதவரின் கன்னத்திலிருந்து வேறுபட்டிருந்தது. அப்படியானால் ஓரம் எங்கே? கருவி நுணுக்கமாக நுணுக்கமாக ஓரம் தெளிவடையும் என்பதுதான் பொது எதிர்பார்ப்பு. இங்கே நுணுக்கம் கூடக் கூட ஓரம் விலகிப் போகிறது, இறுதியில் முகத்தின் மறுபக்கம்வரை.

எல்லை பொருளில் கிடக்கிறதா, அளப்பவரால் போடப்படுகிறதா என்ற கேள்விக்குப் படுகையின் நில வரலாறு ஒரு நல்ல சான்று தருகிறது. முதலாம் ராஜராஜன் காலத்தில், 1001ஐ ஒட்டி, சோழ மண்டலத்து நிலம் அளக்கப்பட்டது. அந்தக் கணக்கின் நுணுக்கத்துக்கு எடுத்துக்காட்டாக வரலாற்றாசிரியர்கள் காட்டும் பின்னம், ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர், பங்கிட்டுப் பார்த்தால் அரைச் சதுர மில்லிமீட்டர். கோல் பிடித்தவர் எவரும் அந்த அளவை மண்ணில் கண்டதில்லை. கணக்கு அவ்வளவு தூரம் போகும். வரப்பு ஓரடி அகலம் இருக்கும். ஆனால் வரப்பு பொய்யன்று. நீரைத் தேக்குகிறது, வழக்கைத் தீர்க்கிறது, நடக்க வழி தருகிறது. மண்ணின் இயல்பையும் நீரோட்டத்தையும் பார்த்து மனிதர் இட்ட எல்லை அது. தவறான இடத்தில் இட்டால் மழையே அதை உடைத்துக் காட்டிவிடும். புற்றின் ஓரமும் இத்தகையதே. மார்பகப் புற்றில் எவ்வளவு ஓரம் போதும் என்று பல்லாண்டு நீண்ட கருத்துவேற்றுமையை அமெரிக்க மருத்துவ அமைப்புகள் 2014இல் கூடிப் பேசித் தீர்த்தன: ஊடுருவும் வகைப் புற்றில், மை தடவிய விளிம்பில் புற்றணு தொடவில்லை என்றால் போதும். நோயாளிகள் ஆயிரக்கணக்கானோர் எப்படி வாழ்ந்தார்கள் என்ற சான்றின்மீது இட்ட வரப்பு அது. வாய்க்கு 5 மில்லிமீட்டர், மார்பகத்துக்குத் தொடாமை. ஒரே இயற்கையில் இரண்டு விதி இருப்பதற்குக் காரணம், விதி இயற்கையிலிருந்து மட்டும் வரவில்லை என்பதே.

இனி இன்மைக்கு வரலாம். தூய ஓரம் என்ற கூற்றின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. சித்தியார் எண்ணும் பத்து அளவைகளில் ஒன்று அபாவம், அதாவது இல்லாமையை அறிவது. கூடத்தில் குடம் இல்லை என்று ஒருவர் எப்படி அறிகிறார்? குடத்தைக் காணாததால். ஆனால் காணாமை மட்டும் போதாது என்று மீமாஞ்சகரும் பௌத்தத் தருக்கினரும் கூர்மையாக ஒரு நிபந்தனை விதித்தனர். இருந்திருந்தால் கண்டிருக்கக் கூடிய பொருளைக் காணாதபோதுதான் அது இல்லை என்பது பெறப்படும். கூடத்தில் வெளிச்சம் உண்டு, கண் நலமாக உள்ளது, குடம் கண்ணுக்குப் படும் அளவினது; எனவே காணாமை சான்றாகிறது. அதே கூடத்தில் பேய் இல்லை என்பதைக் காணாமையால் நிறுவ முடியாது, ஏனெனில் பேய் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் என்பதற்கு உறுதி இல்லை.

அறுவை அறைக்கு இதைவிடப் பயனுள்ள விதியைக் கண்டெடுப்பது கடினம். நீல ஒளியில் சிவந்த இடத்தை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் புற்று இருக்கிறது. சிவக்காத இடத்தில் புற்று இல்லை என்று சொல்ல முடியுமா? முடியாது. மூளைப் புற்றின் செல்கள் ஒளிரும் விளிம்பைத் தாண்டித் தனித்தனியாக ஊர்ந்து போயிருக்கும்; அவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் அவை தரும் ஒளி கண்ணுக்கு எட்டாது. அங்கே அவை ‘காணத்தக்கவை’ அல்ல. எனவே காணாமை சான்றாகாது. ஒளிர்வது உண்டு என்பதைச் சொல்லும் திறம் வேறு, ஒளிராதது இல்லை என்பதைச் சொல்லும் திறம் வேறு. மருத்துவப் புள்ளியியல் இரண்டையும் இரு தனி எண்களாகக் கணக்கிடுகிறது. அளவை நூலார் தகுதி என்ற ஒரு நிபந்தனையால் பிரித்தனர். பிரிவினை ஒன்றே.

வாயில் பயன்படும் இயல்பொளிர்வு முறை இதைத் தலைகீழாக்குகிறது. நீல ஒளியில் நலமான சவ்வு தானாகப் பச்சையாக ஒளிரும். கெட்ட இடம் ஒளியிழந்து கருக்கும். இங்கே நோயின் அடையாளமே ஓர் இன்மை. கனடாவில் கேத்தரின் போ தலைமையில், கருத்த பகுதியின் விளிம்பையே வெட்டும் எல்லையாகக் கொண்டால் நோய் திரும்பி வருவது குறையுமா என்று தொடக்கநிலை வாய்ப்புற்று நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துச் சோதித்தனர். 2020இல் முடிவு வெளியானது: வழக்கமான வெள்ளை ஒளி அறுவையைவிட நோய் திரும்புவது குறையவில்லை. அதற்கு முந்தைய சிறிய ஆய்வுகள் தந்த பெரிய நம்பிக்கையை இது தளர்த்தியது. கூடுதலாகக் காண்பது தானாகவே கூடுதலாகக் காப்பதாகாது. காணப்பட்டது நோயின் எல்லைதானா, நோயோடு சேர்ந்து வரும் வேறொன்றின் எல்லையா என்பதை நோயாளிகளின் பிந்தைய ஆண்டுகள்தான் சொல்லும்.

அப்படியானால் ஒளியின் பயன் என்ன? இங்கே சித்தாந்தத்தின் ஒரு பழைய பகுப்பு உதவுகிறது. குற்றமற்ற காட்சிக்கு ஐயமும் திரிபும் நீங்க வேண்டும் என்கிறது அது. தொலைவில் நிற்பது தூணா, ஆளா என்று தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே உறுதியாகக் கொள்வது திரிபு. இரண்டும் குறைதான், ஆனால் ஒரே அளவு குறையல்ல. ஐயப்படுபவர் அருகே போய்ப் பார்ப்பார். திரிபில் இருப்பவர் போகமாட்டார், அவருக்குத் தெரிந்துவிட்டது. சிதம்பரத்தில் வாழ்ந்த உமாபதி சிவம், 14ஆம் நூற்றாண்டையொட்டி, திருவருட்பயனில் இதை இருளைக் கொண்டு விளக்குகிறார். சாதாரண இருட்டு பொருள்களை மறைக்கும். ஆனால் இருட்டாக இருக்கிறது என்பதையாவது காட்டும். உயிரைப் பற்றிய அறியாமையாகிய ஆணவ மலமோ பொருளையும் மறைக்கிறது, தன்னையும் மறைத்துக்கொள்கிறது. அவர் பேசுவது உயிரின் அறியாமையைப் பற்றி, அறுவை விளக்கைப் பற்றியன்று. எனினும் அந்த உவமையின் கூர்மை மற்ற அறியாமைகளுக்கும் பொருந்தும்.

வெள்ளை ஒளியில் நோயற்றதாகத் தோன்றும் ஓரம் இரண்டாம் வகை மறைப்பு. அங்கே புற்று மறைந்திருக்கிறது, மறைந்திருப்பதும் தெரியவில்லை. பளபளப்பான இளஞ்சிவப்புச் சதை, விரலுக்கு மென்மை, கண்ணுக்குக் குறையில்லை. நீல ஒளி பட்டதும் ஒரு மூலை சிவந்தால் அங்கே உறுதி கலைந்து ஐயம் பிறக்கிறது. அந்த மூலையிலிருந்து ஒரு துண்டு உறைசீவலுக்குப் போகிறது. ஒளி முடிவைத் தரவில்லை. தவறான உறுதியைக் கேள்வியாக மாற்றித் தந்தது. இந்தக் கருவிகளின் உண்மையான பணி இதுதான் என்று கொள்ளலாம்: திரிபை ஐயமாக்குவது. ஐயத்தைத் தெளிவாக்குவது நோய்க்கூறியல் மருத்துவரின் நுண்ணோக்கியும் காலமும். இந்த வரிசையை மறந்து, சிவக்காத இடமெல்லாம் தூயது என்று கொண்டால் அதே கருவி புதியதொரு திரிபை உண்டாக்கும். அது முன்னதைவிட வலிய திரிபு, ஏனென்றால் அதற்கு இப்போது ஒரு பொறியின் சாட்சியும் இருக்கிறது.

திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் சிவஞான போதத்துக்கு எழுதிய மாபாடியம் 18ஆம் நூற்றாண்டின் பெரும் உரைநூல். அது சேர்ந்த சித்தாந்த உரைமரபில் அடிக்கடி வரும் எடுத்துக்காட்டு ஒன்று கண்ணும் கதிரவனும். கண் தானே காணாது. ஒளி காட்ட வேண்டும். ஒளி இருந்தும் உயிர் கண்ணோடு சேராவிட்டால் காட்சி இல்லை. காட்டுவது ஒன்று, காண்பது இன்னொன்று. காட்சி நிகழும்போது இரண்டையும் பிரித்துக் காண முடியாதபடி கலந்து நிற்கின்றன. அறுவை மேசையில் விளக்கு காட்டுகிறது, கேமரா பிடிக்கிறது, கணினி நிறம் பூசுகிறது. ‘இது புற்று, இங்கே வெட்டு’ என்று காண்பவர் ஒருவர்தான். காட்டும் பொறிகள் பெருகினாலும் காணும் பொறுப்பு அவற்றுக்குப் பங்கிடப்படுவதில்லை. கண்டதைப் பதிந்து வைப்பதும் அந்தப் பொறுப்பில் அடங்கும். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண் நோயாளிகளின் கண்களை வண்ண ஓவியங்களாக வரையச் செய்து, நோயும் சிகிச்சையும் குறித்த பதிவுகளோடு சேர்த்து வைத்தார். அவை சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. கண்டவரின் காட்சியை இன்னொருவர் சரிபார்க்கும்படி வைப்பது அது, காண்டலை உரையாக்குவது. இன்று அறுவையின் ஒளிர்படங்களைச் சேமித்து நுண்ணோக்கி முடிவோடு ஒப்பிடுவதற்கும் இதே நோக்கம்தான்.

இன்னொரு கேள்வி எஞ்சுகிறது. அகற்றப்படுவது யாருடையது? தொற்று வெளியிலிருந்து வருகிறது. புற்றணு உடலின் சொந்தச் செல். அதே மரபணுத் தொகுதி சில பிழைகளோடு. 5-அமினோலெவுலினிக் அமிலம் நலமான செல்லிலும் புற்றணுவிலும் ஒரே வழியில்தான் நுழைகிறது; புற்றணுவில் வழி நடுவில் அடைபட்டுத் தேங்குகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. சித்தாந்தம் உயிரையும் மலத்தையும் விளக்க நெல்லைக் காட்டுகிறது. உமியும் தவிடும் முளையும் அரிசிக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டியவை அல்ல. நெல்லோடு கூடவே இருந்தவை. ஆனாலும் அவை அரிசியல்ல, குத்தினால் நீங்கும். உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. உமிக்கும் அரிசிக்கும் நடுவே தெளிவான பிரிவு உண்டு. உலக்கை அதைக் கண்டுபிடித்துக்கொள்ளும். புற்றுக்கும் சதைக்கும் நடுவே அப்படி ஒரு பிரிவு இல்லாததால்தான் நலமான சதையும் சேர்ந்து போகிறது. தன்னைக் காக்கத் தன்னில் ஒரு பங்கை விட வேண்டியிருக்கிறது. எவ்வளவு விடுவது என்பது மில்லிமீட்டர் கணக்கு மட்டுமன்று. பேச்சையே தொழிலாகக் கொண்ட ஆசிரியருக்கும், நாதசுவரம் ஊதும் கலைஞருக்கும், வெயிலில் நாற்று நடுபவருக்கும் நாக்கின் ஒரு சென்டிமீட்டர் ஒரே பொருளைத் தருவதில்லை. அதனால்தான் அறுவைக்கு முந்தைய நாள் நோயாளியோடும் வீட்டாரோடும் நடக்கும் பேச்சு ஓரம் வரையும் வேலையின் முதல் படியாகிறது.

மேசையில் வேலை முடியும் விதம் எளிது. விளக்குகள் மாறி வெள்ளை ஒளி வந்ததும் அறுத்தெடுத்த சதையில் நூல் முடிச்சுகள் போடப்படுகின்றன. எந்த முடிச்சு முன்பக்கம், எது மேல்பக்கம் என்று படிவத்தில் எழுதப்படுகிறது. திசை தவறினால் ஓரம் தூயதல்ல என்று தெரிந்தாலும் எந்தப் பக்கம் என்று தெரியாமல் போகும். சதை ஃபார்மலினில் இறங்குகிறது. சில நாள்கள் கழித்து வரும் அறிக்கை ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியே மில்லிமீட்டரில் தொலைவைச் சொல்கிறது. ஒரு பக்கம் நெருக்கம் என்றால் மறுபடியும் வெட்டுவதா, கதிர்வீச்சா என்று மருத்துவர்கள் கூடிப் பேசுகிறார்கள். எல்லாப் பக்கமும் தூயது என்று வந்தாலும், முதல் ஆண்டில் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நோயாளி வாயைத் திறந்து காட்ட வேண்டும். மருத்துவர் கையுறை அணிந்து பழைய தழும்பை விரலால் தடவிப் பார்க்கிறார். பிறகு எதிர்க் கன்னத்தையும்.